சருகுகளைக் கொஞ்ச நாள் கிடக்க விடுங்கள்

நகரப் பூங்காக்களையும் தாவரவியல் பூங்காக்களையும் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். இலையுதிர்காலத்தில் பூங்காவுக்கு நடக்க வருகிறவர்கள் பூவுக்காக வருவதில்லை, இலைக்காகத்தான் வருகிறோம். நீங்களோ இலை தரையைத் தொட்ட மறுநாளே, ஊதும் இயந்திரத்தை முதுகில் மாட்டி ஆளை அனுப்பிவிடுகிறீர்கள். அந்த இரைச்சலில் பக்கத்தில் நடப்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது.

பாதையில் கிடப்பதைத் தாராளமாகப் பெருக்குங்கள். ஈரச் சருகு வழுக்கும், வயதானவர்கள் விழுந்தால் ஆபத்து. அதில் மறுபேச்சே இல்லை. மரத்தடியில் கிடப்பதை மட்டும் சில வாரங்கள் விட்டுவையுங்கள்.

ஜிங்கோ மரத்தையே பாருங்கள். மற்ற மரங்கள் வாரக்கணக்கில் உதிர்க்கும். இது, நல்ல உறைபனி பெய்தால் ஒரே நாளில்கூட அத்தனை இலையையும் கொட்டிவிடும். அடியில் விசிறி விசிறியாக மஞ்சள் வட்டம். ஆண்டில் சில நாள் மட்டும் கிடைக்கும் காட்சி, அதையும் கதவு திறக்குமுன் அள்ளிவிட்டால் எப்படி? (பெண் மரமாக இருந்தால் அதன் விதைகளை மட்டும் உடனே அள்ளிவிடுங்கள். மிதிபட்டால் கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம். இரண்டிலும் இருப்பது பியூட்டிரிக் அமிலம்தான்.) கட்சுரா மரத்தின் கதை நேரெதிர். அதன் இலை காய்ந்து விழும்போது சர்க்கரை காய்ச்சுகிற மணம் வரும். மணமே சருகில்தான், பெருக்கிவிட்டால் அதுவும் போச்சு.

சருகுக்கு அடியில் பொறிவண்டும் கூட்டுப்புழுவும் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. குவித்து வைத்தால் ஓரிரு ஆண்டில் நல்ல மக்காகிவிடும். புல்தரையில் தடிமனாகப் படிந்தால் புல் அழுகும் என்பீர்கள், சரிதான். அங்கே புல்வெட்டியை மேலேயே ஓட்டித் தூளாக்கிவிடலாம். கரும்புள்ளி நோய் கண்ட ரோஜா இலைகளை அப்புறப்படுத்தத்தான் வேண்டும். நோய்க்கிருமி அதிலேயே தங்கி அடுத்த ஆண்டும் வரும்.

அப்புறம், தாவரவியல் பூங்காக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. 1545-இல் இத்தாலியின் பாதுவா நகரில் தாவரவியல் தோட்டம் போட்டதே மாணவர்கள் மூலிகைகளை நேரில் பார்த்துப் படிக்கத்தான். உங்கள் பெயர்ப்பலகையிலோ மரத்தின் லத்தீன் பெயரும் குடும்பப் பெயரும் மட்டும் இருக்கின்றன. இலை ஏன் நிறம் மாறுகிறது என்று குழந்தை கேட்டால், பெற்றோர் கைபேசியைத் தேட வேண்டியிருக்கிறது. மஞ்சள் நிறமி கோடை முழுக்க இலைக்குள்ளேயே இருந்தது, பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. மேப்பிளின் சிவப்போ பெரும்பாலும் இப்போதுதான் புதிதாக உருவாகிறது. வெயிலடிக்கும் பகலும் உறையாத குளிரிரவும் சேர்ந்தால் சிவப்பு இன்னும் எடுப்பாக இருக்கும். இந்த நாலு வரியை ஒரு சின்னப் பலகையில் எழுதி மரத்தடியில் நட முடியாதா?

ஊதும் இயந்திரம் வேண்டவே வேண்டும் என்றால் வாரநாளில், கூட்டமில்லாத நேரத்தில் ஓட்டுங்கள். சனி, ஞாயிறுகளில் பாதைக்குத் துடைப்பம் போதும்.

இப்படிக்கு,
உங்கள் பூங்காவில் நடக்க வரும் ஒருவர்