உரவாளி நாறினால்

அல்சூர், பெங்களூரு
பிப்ரவரி 9

அன்புள்ள கோமதி,

பெல்லந்தூர் வீடு பழகிவிட்டது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். சமையலறைக் கழிவை மக்கவைக்கிற உரவாளி நாறுகிறது, புழு நெளிகிறது, குப்பை வண்டியில் கொட்டிவிடப் போகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். கொட்டாதேடி.

முதலில் என்ன நாற்றம் என்று பார். அழுகின முட்டை வாடை என்றால் ஈரம் கூடி, காற்று போகாமல் அடைத்துக்கொண்டிருக்கிறது. மூக்கில் சுருக்கென்று ஏறினால் அது அமோனியா. காய்கறிக் கழிவு அதிகம், சருகு குறைவு. இரண்டுக்கும் மருந்து காய்ந்த சருகுதான். ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்து பார். ஒன்றிரண்டு சொட்டு கசிந்தால் சரியான பதம். ஒழுகினால் எல்லாவற்றையும் பழைய பேப்பரில் கொட்டி, அதில் பாதி அளவுக்குச் சருகு கலந்து கிளறித் திரும்பப் போடு. நீ சருகுக்குப் பதிலாகத் தேங்காய் நார்த்தூள் கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து அப்படியே போட்டிருப்பாய் என்று நினைக்கிறேன். தொட்டிச் செடிக்குத்தான் அந்தப் பக்குவம். உரவாளிக்கு உதிர்த்து, வெயிலில் காயவைத்துப் போட வேண்டும். ஈரத்தை உறிஞ்சத்தானே அதைப் போடுவது, ஈரமாகவே போட்டால் எதை உறிஞ்சும்?

புழு பழுப்பாய், தட்டையாய், கண்டம் கண்டமாய் இருந்தால் பயப்படாதே. அது ஒருவகைக் கறுப்பு ஈயின் புழு. கடிக்காது, கழிவைத் தின்று வேலையைச் சீக்கிரம் முடிக்கும். வெள்ளையாய், சின்னதாய் இருந்தால் வீட்டு ஈயின் புழு. கழிவு மேலே திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு நாளும் போட்டபின் ஒரு அங்குலம் சருகு போட்டு மூடினால் ஈ முட்டையிட வராது.

வாளி 20 லிட்டர் பெயிண்ட் டப்பாவே போதும், ஆனால் இரண்டு வேண்டும். ஒன்று நிரம்பினதும் மூடி ஓரமாய் வைத்துவிட்டு அடுத்ததில் தொடங்கு. பக்கவாட்டிலும் அடியிலும் ஓட்டை போட்டு, உள்பக்கம் கொசுவலைத் துணி ஒட்டிவிடு. கீழே ஒரு தட்டு. அடியில் மூன்று அங்குலம் சருகு, அதன்மேல் ஒரு கை பழைய உரம் அல்லது புளித்த மோர் கொஞ்சம். அப்புறம் ஒரு கிண்ணம் கழிவுக்கு ஒரு கிண்ணம் சருகு, நாறினால் ஒன்றரை. கழிவை ஒரு அங்குலத் துண்டாய் நறுக்கிப் போடு. முழு வாழைப்பழத் தோல் கிடந்து உயிரை வாங்கும். எலும்பு, மீன், எண்ணெய்க் குழம்பு வேண்டாம். மாங்கொட்டையும் தேங்காய்ச் சிரட்டையும் மக்க வருஷக்கணக்காகும்.

ரொம்பச் சின்ன வேலை மாதிரி இருக்கும். ஆனால் இந்த ஊர்க் குப்பையில் பாதிக்கு மேல் ஈரக் கழிவுதான். அது பிளாஸ்டிக்கோடு கலந்து மேடாய்க் குவிந்தால் உள்ளே காற்றில்லாமல் மீத்தேன் உண்டாகும், அடியில் கறுப்புத் தண்ணீர் ஒழுகும். இந்த ஊர்க் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டின மண்டூர் கிராமத்துக்காரர்கள் அதைத்தான் வருஷக்கணக்கில் தாங்கினார்கள். போராடி, 2014 முடிவில்தான் அங்கே கொட்டுவது நின்றது. உன் வாளியில் காற்று போகிற வரைக்கும் அந்த வாயுவுக்கு வழியில்லை.

வாளிக்குப் போகாத மற்றக் குப்பையை, வண்டிக்காரர்கள் தினமும் ‘ஹசி கச, ஒண கச’ (ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை) என்று கேட்கிறார்களே, அதன்படி ஈரத்தையும் உலர்ந்ததையும் பிரித்துக் கொடு. பால் கவரை வெட்டும்போது மூலையைத் துண்டித்துப் போடாதே. அந்தப் பொடித் துண்டை யாராலும் பொறுக்க முடியாது, சாக்கடைக்குத்தான் போகும். முழுதும் வெட்டாமல் ஒட்டவிட்டுக் கழுவிக் காயப்போடு.

பெல்லந்தூர் ஏரி நுரையைப் பற்றிக் கேட்டிருந்தாய். 2015-லும் 2017-லும் அந்த ஏரி தீப்பிடித்தே எரிந்தது, தெரியுமா? சரியாய்ச் சுத்திகரிக்காத சாக்கடையில் நம் துணி சோப்பு இருக்கிறது; மதகில் தண்ணீர் விழும்போது அது நுரைத்துப் பறக்கிறது. உங்கள் டேங்கர் தண்ணீர் போர் தண்ணீர், உப்பு ஜாஸ்தி. துவைக்கும்போது நுரை வரவில்லையே என்று சோப்புத் தூளை அள்ளிப் போடத் தோன்றும். நுரைக்கும் அழுக்குக்கும் சம்பந்தமில்லை. தூளைக் குறைத்து, ஒரு ஸ்பூன் சலவை சோடா சேர். பட்டுக்கும் கம்பளிக்கும் மட்டும் வேண்டாம். கடைசி அலசலிலும் நுரை நின்றால் தூள் அதிகம் என்று வைத்துக்கொள். பாஸ்பேட் இல்லாத தூளாகப் பார்த்து வாங்கினால் ஏரியில் படர்கிற ஆகாயத்தாமரைக்குத் தீனி கொஞ்சம் குறையும்.

மூடிவைத்த வாளியை நாற்பது நாள் கழித்துத் திற. கறுத்து, உதிர்ந்து, மழை நனைந்த மண் வாசனை வர வேண்டும். சந்தேகமாயிருந்தால் கொஞ்சம் ஈரமாய் ஒரு கவரில் கட்டி மூன்று நாள் வை; பிரிக்கும்போது புளிப்பு வாடை அடித்தால் இன்னும் ஆகவில்லை. அவசரப்பட்டுச் செடிக்குப் போட்டால் இலை மஞ்சளாகும். ஒரு பங்கு உரத்துக்கு இரண்டு பங்கு மண்.

சருகுக்குக் காசு கொடுக்காதே. தெருவில் தூங்குமூஞ்சி மரமெல்லாம் இப்போது கொட்டுகிறது, மார்ச் வரைக்கும் மூட்டை மூட்டையாய்க் கிடைக்கும். மழைக்கு முன்னால் நாலு மூட்டை கட்டி மொட்டைமாடியில் போட்டுவை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் இங்கிருந்தே இரண்டு மூட்டை எடுத்துப் போகலாம். கூடவே ஒரு டப்பா பழைய உரமும் தருகிறேன்.

அன்புடன்,
பத்மா