குவாதலூப்புக்குப் பண்பாட்டுப் பயணம் போகும் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். மொரீசியசையும் மலேசியாவையும் தாண்டி, கரீபியன் கடல் பக்கமும் உங்கள் பார்வை திரும்பியிருப்பதில் மகிழ்ச்சி. ஆனால் நீங்கள் போடும் மாநாட்டு மலர்களையும் காணொளிகளையும் பார்த்தால் வருத்தம்தான் மிஞ்சுகிறது. குவாதலூப் என்ற பிரெஞ்சுத் தீவைச் சொன்னதும் கப்பெஸ்தேர் ஊரில் சாலையோரம் நிற்கும், தமிழ் வம்சாவளியினர் வழிபடும் ஷாங்கி கோயில், அதன் முன்னால் பட்டு வேட்டியில் ஒரு குழுப்படம், 'தமிழை மறந்துவிட்டார்களே' என்று ஒரு பெருமூச்சு. தீவு அதோடு முடிந்துபோகிறது. அங்கே பெரும்பான்மையாக வாழும் ஆப்பிரிக்க வழி மக்கள் உங்கள் படச்சட்டத்துக்குள் வருவதே இல்லை.

அந்தக் கோயிலுக்கு வெளியே சற்றுத் திரும்பிப் பாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கப்பெஸ்தேர் வாழை விளையும் பகுதி. வாழைக் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டை ஒழிக்க குளோர்டெகோன் என்ற பூச்சிமருந்தை 1972 முதல் குவாதலூப்பிலும் அருகிலுள்ள இன்னொரு பிரெஞ்சுத் தீவான மார்த்தினிக்கிலும் கொட்டினார்கள். அமெரிக்காவில் அதைத் தயாரித்த ஹோப்வெல் ஊர் ஆலையில் தொழிலாளர்களுக்குக் கைகால் நடுக்கம் கண்டு, 1975இலேயே அந்த ஆலையை மூடிவிட்டார்கள். பிரான்ஸ் 1990இல்தான் தடை போட்டது. அதிலும் இந்தத் தீவுகளின் வாழைத் தோட்டங்களுக்கு மட்டும் விலக்கு. 1993 வரை தெளித்தார்கள். ஐரோப்பியக் கடைக்குப் போகும் பழத்தில் மருந்து அவ்வளவாக ஏறாது. மண்ணுக்குள் விளையும் சேம்பு, வள்ளி, சர்க்கரைவள்ளியில் ஏறும். அதாவது ஏற்றுமதிப் பொருளுக்கு ஆபத்து குறைவு, உள்ளூர்க்காரன் கொல்லையில் தோண்டி எடுத்துத் தின்பதில்தான் விஷம். மழை அதை ஆற்றுக்கும் கடலுக்கும் அடித்துப் போனதால் கரையோரம் பல இடங்களில் மீன்பிடிக்கவும் தடை. இரு தீவுகளிலும் பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இரத்தத்தில் இந்த மருந்து இருப்பதாகப் பிரெஞ்சுப் பொதுச் சுகாதார அமைப்பே சொல்லியிருக்கிறது. மக்கள் அமைப்புகள் 2006இல் தொடுத்த வழக்கை, காலம் கடந்துவிட்டது, ஆதாரம் போதாது என்று 2023 ஜனவரியில் பாரிஸ் நீதிபதிகள் முடித்துவைத்தார்கள். யாருக்கும் தண்டனை இல்லை.

அந்த வாழைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் நீங்கள் தேடிப் போகும் தமிழ் வம்சாவளியினரும் உண்டு. 'குலதெய்வத்தின் பெயர் நினைவிருக்கிறதா?' என்று கேட்கிற நேரத்தில், 'கொல்லையில் கிழங்கு போட முடிகிறதா?' என்று ஒருவர்கூடவா கேட்கக் கூடாது?

சரி, வரலாற்றுக்கு வருவோம். உங்கள் உரைகளில் நம்மவர்கள் கப்பலேறிய துயரம் வருகிறது; ஏன் ஏற்றினார்கள் என்பது வருவதில்லை. 1848இல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தது. குவாதலூப்புக்கு அது இரண்டாம் ஒழிப்பு. 1794இல் கிடைத்த விடுதலையை 1802இல் நெப்போலியன் பறித்தபோது, அதை எதிர்த்து நின்ற படை அதிகாரி லூயி டெல்கிரெஸும் அவருடன் இருந்தவர்களும் சரணடைய மறுத்து, மத்தூபா மலையில் வெடிமருந்தைக் கொளுத்தி மாண்டார்கள். 1848க்குப் பிறகு நட்டஈடு தோட்ட முதலாளிகளுக்குத்தான் போனது. விடுதலை பெற்றவர்களுக்குக் காலணா கிடையாது. அவர்கள் நியாயமான கூலி கேட்டார்கள். அந்தக் கூலியை அமுக்கிவைக்கத்தான் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தத்தில் ஆள் பிடித்தார்கள். 1853இல் 'ஒரேலி' என்ற கப்பல் மார்த்தினிக்குக்கும், 1854 கடைசியில் அதே கப்பல் குவாதலூப்புக்கும் முதல் கூட்டத்தைக் கொண்டுபோய் இறக்கியது. 1889 வரை குவாதலூப்புக்கு மட்டும் 42,000 பேருக்கு மேல். ஊர் திரும்பியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

நம்மவர்களும் பாதிக்கப்பட்டவர்கள், இன்னொருவர் போராட்டத்தை முறிக்கவும் பயன்பட்டவர்கள். கறுப்பின மக்கள் அவர்களை இளக்காரமாகப் பேசியதற்கும் அடித்தட்டில் இந்தக் கணக்கு இருக்கிறது. மேடையில் இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கலாம். அதற்காக விட்டுவிட்டால் பாதிக் கதைதான் கேட்பவர்களுக்குக் கிடைக்கும்.

கப்பெஸ்தேரில் பிறந்த ஆன்ரி சிதம்பரம் 1904இல் இந்தியர் பிள்ளைகளுக்கு ஓட்டுரிமை கேட்டு வழக்காடத் தொடங்கி, 1923 வரை விடாமல் நடத்தி வென்றார். அவர் கேட்டது பிரெஞ்சுக் குடியுரிமை. ஊருக்குத் திரும்பும் கப்பல் டிக்கெட் அல்ல. அவரைத் தமிழ்ப் பெருமைக்கு மட்டும் எடுத்துக்கொண்டு இதை மறைக்காதீர்கள்.

அப்புறம், பண்பாடு. அங்கே மாரியம்மனுக்குக் கிடா வெட்டுகிறார்கள், தப்பு அடிக்கிறார்கள், மதுரை வீரனைக் கும்பிடுகிறார்கள். அதே வழிபாட்டில் நாகூர் ஆண்டவருக்குக் கம்பம் நட்டுக் கொடி ஏற்றுகிறார்கள். கடலில் காப்பாற்றியவர் என்ற நம்பிக்கை. அந்தக் குடும்பங்களில் பல ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் போகும். இங்கிருந்து போய் 'ஆகமப்படி இல்லை, பலியை நிறுத்தலாமே' என்று யோசனை சொல்கிறவர்களை நினைத்தால் எரிச்சலாக வருகிறது. நம் ஊர் எல்லையம்மன் கோயிலிலேயே அதைச் சொல்லித் திரும்பி வர முடியுமா? மல்லி, மஞ்சள், கடுகு, சீரகம் போட்டு அரைத்த 'கொலம்போ' மசாலாவில் ஆட்டுக்கறி சமைப்பது இன்று குவாதலூப்பில் எல்லா வீட்டுச் சமையல். கட்டம் போட்ட மதராஸ் துணி அந்தத் தீவுப் பெண்களின் விழாக்கால உடை. இவை தமிழரின் தனிச்சொத்தாக அங்கே இல்லை, எல்லாருடையதுமாக ஆகிவிட்டன. பேச்சும் அப்படித்தான். அவர்கள் மொழியற்றுப் போகவில்லை. பிரெஞ்சும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து உருவான தீவு மொழியான கிரியோலில் பேசுகிறார்கள், பாடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். அதைக் 'கொச்சைப் பிரெஞ்சு' என்று உங்கள் மலரில் எழுதாதீர்கள்.

பொருளாதாரத்தை நீங்கள் தொடுவதே இல்லை. 1946 முதல் குவாதலூப் சட்டப்படி பிரான்சின் ஒரு மாவட்டம். ஆனால் சாப்பாட்டுச் சாமான் விலை பிரான்சைவிட 42 சதவீதம் அதிகம் என்று 2022இல் அரசுப் புள்ளியியல் துறையே கணக்கிட்டது. கரும்பும் வாழையும் வெளியே போக, சமையலறைக்கு வேண்டியதில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. எரிமலைச் சரிவில் மழை கொட்டுகிற தீவில் குழாயில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். 2009இல் விலைவாசிக்கு எதிராக 44 நாள் பொது வேலைநிறுத்தம் நடந்தது. அதற்கும் முன்னே, 1967 மே மாதம், இரண்டரை சதவீதக் கூலி உயர்வு கேட்ட கட்டடத் தொழிலாளர்களின் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் இன்றுவரை அரசும் மக்களும் ஒத்துப்போகவில்லை.

கேட்பது பெரிய காரியமல்ல. கற்சிலையும் அரிச்சுவடியும் அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த பயணத்தில் கோயிலுக்கு ஒரு காலைப் பொழுது என்றால், வாழைத் தொழிலாளர் சங்கத்தாரோடு ஒரு மாலைப் பொழுது ஒதுக்குங்கள். மாநாட்டுக்கு அங்கிருந்து பேச்சாளரை அழைக்கும்போது குடும்பப் பெயர் 'சாமி' என்று முடிகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். குளோர்டெகோன் வழக்கை நடத்தியவர்களில் ஒருவரையும் மேடையேற்றுங்கள். புதுச்சேரி, காரைக்காலில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். அந்தத் தீவுகளின் எழுத்தை நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவர நிதி ஒதுக்கலாம். மொழிபெயர்ப்பாளராகக் கூட்டிப்போகிறவருக்குக் கிரியோலும் தெரிந்திருக்கட்டும். பெரியவர்கள் மனம்விட்டுப் பேசுவது அதில்தான்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகன்