மேட்டுக் கல்லறையும் பள்ளத்துக் கல்லறையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நவம்பர் 2 கல்லறைத் திருநாள் படம் ஒன்றை நம் பேப்பரில் போட்டிருந்தீர்கள், பூவும் மெழுகுவர்த்தியுமாகப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எங்கள் பங்குக் (எங்கள் கோயிலைச் சேர்ந்த சபையின்) கல்லறைத் தோட்டத்துக்கு உங்கள் போட்டோகிராபர் வந்திருந்தால் எந்தப் பக்கம் நின்று எடுத்திருப்பார் என்று யோசித்தேன்.

எங்களுடையது மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கிராமம். தோட்டத்தின் நடுவில் கம்பி வேலி, மேட்டுப் பக்கம் ஊர்த்தெருவுக்கு, வாய்க்காலை ஒட்டிய பள்ளம் காலனிக்காரர்களான எங்களுக்கு. அப்பா இறந்தது ஐப்பசி அடைமழையில். குழி வெட்ட வெட்டத் தண்ணி ஊறியது, இரண்டு பேர் வாளியால் இறைத்துக்கொண்டே இருக்க ஃபாதர் குடைக்குள் நின்று ஜெபத்தை அவசரமாக முடித்தார் (அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கும் முழங்கால் வரை சேறு). பெட்டியை இறக்கினால் அது மிதந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சித்தப்பா மண்வெட்டிக் காம்பால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார், அப்புறம்தான் மண் தள்ள முடிந்தது. பத்தடி தள்ளி மேட்டில் சொட்டுத் தண்ணி நிற்கவில்லை, இடமும் காலியாகத்தான் கிடந்தது. அங்கே வெட்டலாமே என்று கேட்க எங்களில் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை, எனக்கும்தான்.

இதே ஊர்த்தெருவும் காலனியும் ஆகஸ்ட் கடைசியில் காவி கட்டி வேளாங்கண்ணிக்குச் சேர்ந்து நடக்கிறோம். ஒரே அண்டா எலுமிச்சை சாதம், மாதா வண்டியை ஆள் மாற்றி ஆள் தள்ளுவது, போன வருஷம் என் கால் கொப்புளத்துக்கு எண்ணெய் தடவியது ஊர்த்தெருப் பையன். செப்டம்பர் 8 பூசை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கினால் அவன் வடக்கே, நான் தெற்கே. என்ன கணக்கோ!

இது நேற்று முளைத்த சங்கதி இல்லை. 1833-லேயே கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட, தஞ்சாவூரில் அதை எதிர்த்து முறுக்கிக்கொண்டவர்கள் உண்டு. அது ஆங்கிலிகன் சபை, நாங்கள் கத்தோலிக்கர் என்று தப்பிக்கவும் முடியாது. 2016-ல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் (பிஷப்) பேரவை தலித் கிறிஸ்தவர்களுக்காகக் கொள்கை அறிக்கை வெளியிட்டு, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. அறிக்கை எங்கள் வேலி வரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. இந்து, சீக்கிய, பௌத்த தலித்துகளுக்கு உள்ள பட்டியல் சாதிச் சலுகை எங்களுக்குக் கிடையாது என்கிறது 1950 ஆகஸ்ட் 10-ம் தேதி போட்ட ஆணை. அதை எதிர்த்து வருஷா வருஷம் அதே தேதியில் கறுப்புக் கொடி பிடிக்கிறோம், கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவைக்காரர்களும் வந்து எங்களோடு நிற்கிறார்கள். கிறிஸ்தவன் ஆனாலும் சாதிக் கொடுமை போகவில்லை என்று மைக்கில் அவர்களே பேசுகிறார்கள், அதற்குச் சாட்சி அவர்கள் கட்டிய வேலிதான் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

இதைப் படிக்கும் எங்கள் பங்குப் பேரவைக்கு ஒன்று கேட்கிறேன். பள்ளத்துக்குச் சவுடு மண் அடிக்கும் செலவை நாங்களே வரி போட்டுப் பார்த்துக்கொள்கிறோம். அடுத்த மழைக்குள் வேலியை மட்டும் பிடுங்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன், மயிலாடுதுறை மாவட்டம்