பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கோவையின் போக்குவரத்து நெரிசல் பற்றி எழுதிய தலையங்கத்தில், மக்கள் சொந்த வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் போகப் பழக வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் இங்கே யாரும் தினமும் காலையில் எழுந்து 'இன்றைக்குப் பஸ்ஸா, பைக்கா' என்று யோசிப்பதில்லை. பையனுக்கோ பெண்ணுக்கோ முதல் வேலை கிடைத்து, முன்பணம் கட்டி, தவணையில் வண்டி எடுக்கிறார்களே, அன்றைக்கே அந்த முடிவு எடுத்தாகிவிட்டது. வண்டி வாசலுக்கு வந்த பிறகு வீட்டில் பெட்ரோல் கணக்கு மட்டும்தான். வண்டி ஓடினாலும் நின்றாலும் தவணை போய்க்கொண்டுதான் இருக்கும். கணவனும் மகனுமாக இரண்டு பேர் கிளம்பினால் பஸ்ஸில் இரண்டு டிக்கெட், ஸ்கூட்டரில் அதே பெட்ரோல். இந்தக் கணக்கில் பஸ் ஜெயிக்க வழியே இல்லை. ஆகவே இன்னும் வண்டி எடுக்காதவர்கள் ஏன் எடுக்கத் துடிக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் முக்கியம்.

என் மகள் சரவணம்பட்டியில் வேலைக்குப் போகிறாள். கணபதியிலிருந்து சத்தி ரோட்டில் நேர் பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எங்கள் மாதிரிக் குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை மறக்க மாட்டேன். அப்படியிருந்தும் அவள் ஸ்கூட்டர் கேட்கிறாள். காசில்லாத பயணத்தை விட்டுவிட்டு மாதா மாதம் தவணை கட்டத் தயாராக இருக்கிறாள் என்றால், பணத்தைவிடப் பெரிய காரணம் ஏதோ இருக்கிறது. கேட்டால் ஒரே பதில்: "பஸ் எப்ப வரும்னு தெரியலைங்கப்பா." ஒரு நாள் ஸ்டாப்புக்குப் போனதும் பஸ் வருகிறது. அடுத்த நாள் அரை மணி நேரம் ஒன்றும் வருவதில்லை; அப்புறம் ஒன்றன் வாலை ஒன்று பிடித்தபடி மூன்று பஸ். முதல் பஸ்ஸில் படிவரை கூட்டம், மூன்றாவது பஸ்ஸில் பாதி சீட் காலி. தாமதமானால் ஆபீஸில் சம்பளம் பிடிப்பார்கள். இதற்கெல்லாம் பயந்து தினமும் முக்கால் மணி நேரம் முன்னாடியே கிளம்புகிறாள்.

ஸ்டாப்பில் நின்று பார்த்தால் தெரியும். நிழற்குடையின் மூன்று பக்கமும் விளம்பரம். நடுவே ஒரு சாண் இடத்தில்கூட எந்த பஸ், எத்தனை மணிக்கு என்று எழுதியிருக்காது. பஸ் நிழற்குடைக்கு நேராக நிற்பதும் அபூர்வம். இருபதடி தள்ளிப் போய்ப் பாதி ரோட்டில் நிற்கும். பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களில் வயதானவர்கள்தான் அதிகம். முதுகில் டூ வீலர் இடிக்காத குறை. புதிதாக வருகிறவர் பக்கத்தில் நிற்பவரிடம், "காந்திபுரம் வண்டி போயிருச்சுங்களா?" என்றுதான் கேட்டாக வேண்டும். அவருக்கும் தெரியாது.

எங்கள் பூர்வீகம் அன்னூர்ப் பக்கம் ஒரு கிராமம். அங்கே இன்றைக்கும் பஸ்ஸை நேரத்தை வைத்துத்தான் சொல்வார்கள்: ஏழேகால் வண்டி, ஒன்பது மணி வண்டி. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை வருகிற பஸ்தான். ஆனாலும் பால் ஊற்றிவிட்டு, ஆட்டைக் கட்டிவிட்டு, சரியான நேரத்துக்கு ரோட்டுக்கு வந்துவிடுவார்கள். எத்தனை பஸ் ஓடுகிறது என்பதைவிட, சொன்ன நேரத்துக்கு வருமா என்பதுதான் ஜனங்களுக்குப் பெரிது.

நகரத்திலும் நேரம் இல்லாமல் இல்லை. நம் ஊரில் அரசு பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே ரூட்டில் ஓடுகின்றன. பர்மிட்டிலேயே எங்கே, எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று நிமிஷக் கணக்கில் போட்டிருக்கும். "என் டைமில் நீ எடுத்துட்டே" என்று காந்திபுரத்திலும் உக்கடத்திலும் பஸ்காரர்கள் சண்டை போடுவதைப் பார்க்காதவர் யார்? டிரைவர், கண்டக்டர், டைம் கீப்பர், ஆர்.டி.ஓ. ஆபீஸ் எல்லோருக்கும் தெரிந்த நேரம், பயணிக்கு மட்டும் தெரியவில்லை.

2025 அக்டோபரில் அவிநாசி ரோட்டில் 10 கிலோமீட்டர் நீள மேம்பாலம் திறந்தார்கள். ஜி.டி. நாயுடு பெயர் வைத்தது எனக்கு மிகவும் சந்தோஷம். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் நடுவே தானே ஓட்டித் தொழில் தொடங்கிய மனிதர் அவர். ஆனால் டவுன் பஸ்ஸுக்கு ஆள் ஏறுகிற ஸ்டாப்பெல்லாம் பாலத்துக்குக் கீழேதான். மேலே கார்கள் போய்விட்டதால் கீழே கிடைத்த இடத்தையாவது பஸ்ஸுக்குக் கொடுங்கள். லட்சுமி மில்ஸ், பீளமேடு, ஹோப் காலேஜ் ஸ்டாப்புகளில் பஸ் ஒதுங்கி நிற்க இடம், நடந்து வர நடைபாதை. அதில் கார் நிறுத்தினால் அபராதம்.

நம் ஊர் மெட்ரோ ரயில் திட்டத்தை மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியது. 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும் என்பது விதியாம். 2011 கணக்கெடுப்பில் நம் மாநகராட்சிக்கு 16 லட்சம்கூட இல்லை. மெட்ரோவுக்காகக் குரல் கொடுப்போம், அது வரட்டும். ஸ்டாப்பில் நேரப் பலகை வைக்க டெல்லியின் அனுமதி தேவையில்லையே.

முதலில் சத்தி ரோட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காந்திபுரம் முதல் சரவணம்பட்டி வரை ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அரசு, தனியார் பஸ்கள் இரண்டின் நேரத்தையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கட்டும். இரவு கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதும் அதில் இருக்க வேண்டும். இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்கள் அதை வைத்துத்தான் வண்டி வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். நேரத்துக்கு வராத பஸ்ஸைப் பற்றிப் புகார் செய்ய ஒரு போன் நம்பரும் அதே பலகையில் இருக்கட்டும். மாவட்ட நிர்வாகமும் போக்குவரத்துக் கழகமும் தனியார் பஸ் உரிமையாளர்களும் சேர்ந்து உட்கார்ந்தால் அடுத்த மாதமே செய்துவிடலாம். தங்கள் இதழ் இதை விடாமல் கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கணபதி, கோயம்புத்தூர் - 6