மலைக்கு நாற்பது பாதை, கடலுக்கு ஒன்றுகூடவா இல்லை?

தமிழ்நாடு வனத்துறைக்கும், வன அனுபவக் கழகத்துக்கும், கூடவே நாகப்பட்டினம் மாவட்ட நிர்வாகத்துக்கும் வணக்கம்.

2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கினீர்கள். 14 மாவட்டங்களில் 40 பாதைகள், எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்து, ஆன்லைனில் முன்பதிவு வைத்து, உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாகவும் ஆக்கினீர்கள். நல்ல காரியம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி அத்தனை உயிர் போனபிறகு மலையேற்றம் என்றாலே பெற்றவர்கள் முகம் மாறிவிடும். அப்படி இருந்த இடத்தில் அனுமதியோடு, ஆளோடு, நேரம் பார்த்துப் போய்வரலாம் என்று ஒரு ஒழுங்கைக் கொண்டுவந்தது சின்ன வேலை இல்லை. ஆனால் அன்றைக்கு அறிவித்த 40 பாதைகளின் பட்டியலை மேலிருந்து கீழே வரை பார்த்தேன், எல்லாமே மலையும் மலைக்காடும்தான். தமிழ்நாட்டில் கடலைத் தொடும் மாவட்டங்களும் சரியாக 14 இருக்கின்றன, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கரை இருக்கிறது. அதில் ஆறு வயசுப் பிள்ளையும் மூட்டுவலிப் பாட்டியும் சேர்ந்து காலையில் இரண்டு மணி நேரம் நிம்மதியாக நடந்துவிட்டு வர அந்தப் பட்டியலில் ஒரு பாதை இல்லை.

அந்த முதல் பாதையைக் கோடியக்கரையில் போடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஏன் கோடியக்கரை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, காட்டைப் பார்த்துக்கொள்பவர்களே நீங்கள்தான். இருந்தாலும் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வங்காள விரிகுடாவும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனை அது, கரை அங்கேதான் சட்டென்று மேற்கே திரும்புகிறது. 1967 முதல் சரணாலயம், 2002 முதல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் இருக்கும் ஈரநிலம். வெளிமான் கூட்டத்தைக் கடற்காற்று வாங்கிக்கொண்டே பார்க்க முடிகிற இடம் இந்த மாநிலத்தில் வேறு எது? ஒருகாலத்தில் மனிதர்கள் வளர்த்து, பிறகு காடேறிப்போன குதிரைகள் புல்வெளியில் மேயும். ஐப்பசிக்குப் பிறகு பூநாரைகள் வரும். காடும் மலைக்காடு மாதிரி இருண்டு கிடக்காது. பாலை மரமும் நாவலும் காரையும் சூரையுமாக, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே குடை பிடித்தது போல நிற்கும் வறண்ட பசுமைமாறாக் காடு. ஏறிப் பார்க்க வேண்டுமென்றால் ராமர் பாதம் இருக்கிறது. அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே உயரமான மேடு அதுதான், கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர்கள். எங்கள் டெல்டாவுக்கு அதுதான் சிகரம், சிரிக்காதீர்கள், நான்கு வயசுக் குழந்தை தன் காலால் ஏறி 'உச்சி' என்று சொல்லிக்கொள்ள அது போதும்.

இப்போது அங்கே வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் வண்டியில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, ஜன்னல் வழியாக நாலு மானைப் போட்டோ எடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு வேதாரண்யம் திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, எங்கே இறங்கலாம், எது வரை நடக்கலாம், எத்தனை நேரம் ஆகும் என்று தெரியாத இடத்தில் குழந்தையை இறக்கிவிட யாருக்கு மனசு வரும்? தனுஷ்கோடியிலும் இதுதானே நடந்தது. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது, நல்லதுதான், வயசானவர்களும் பார்க்க முடிகிறது. ஆனால் நடந்தே பார்க்க வேண்டிய அந்த மணல்வெளி இப்போது கார் திருப்பும் இடமாகப் போய்விட்டது.

குடும்பங்கள் மணலில் நடக்குமா என்ற சந்தேகம் இருந்தால் சென்னையைப் பாருங்கள். 1988 முதல் மாணவர்கள் நடத்தும் கடலாமைப் பாதுகாப்புக் குழு ஒன்று, முட்டையிடும் காலத்தில் இரவு முழுக்கக் கடற்கரையில் நடந்து ஆமை முட்டைகளைச் சேகரிக்கிறது. அவர்களோடு பொதுமக்களும் போகிறார்கள், தூக்கத்தை விட்டுவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, கிலோமீட்டர் கணக்கில். நடுராத்திரியில் அதைச் செய்கிறவர்கள் விடியற்காலையில் ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க மாட்டார்களா?

சரி, என்ன மாதிரிப் பாதை? முதலில் எது வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், அதுதான் எனக்குப் பெரிய பயம். சிமெண்ட் நடைபாதை வேண்டாம். வண்ணக் கற்கள் வேண்டாம். 'ஐ லவ்' என்று இதயம் போட்ட செல்ஃபி பலகை வேண்டவே வேண்டாம். கண்ணாடிப் பாலம், ஜிப்லைன், குழந்தைகள் ரயில், எதுவும் வேண்டாம். இவற்றில் ஒன்று வரும் என்றால் பாதையே வராமல் இருப்பது மேல் என்பேன். மண் மண்ணாகவே இருக்கட்டும், மணல் மணலாகவே இருக்கட்டும்.

வேண்டியது ராமர் பாதத்தை ஒட்டிக் காட்டு நிழலில் போய்ப் புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வந்து சேரும் ஒன்றரைக் கிலோமீட்டர் வட்டப்பாதை ஒன்று. இதற்கு வழிகாட்டிகூடத் தேவையில்லை, வாசலில் ஒரு ஆள் பெயர் எழுதிக்கொண்டால் போதும். இன்னொன்று, புல்வெளி ஓரமாக மூன்று நான்கு கிலோமீட்டர், வெளிமான் பார்க்க. இதைக் கட்டாயம் வழிகாட்டியோடு, சின்னக் குழுவாக, குட்டி போடும் நேரத்தில் மூடிவிட்டு நடத்த வேண்டும். பறவைக் காலத்தில் முனியப்பன் ஏரிப் பக்கம் ஒரு நடை, மழையைப் பார்த்துத் திறப்பதும் மூடுவதும் உங்கள் கையில். சேற்று நிலத்தை அறியாமல் இறங்கினால் கால் மாட்டிக்கொள்ளும் என்பதால் இதற்கு எல்லைக் கம்பங்கள் தெளிவாக இருக்க வேண்டும். வெயிலைச் சொல்லவே வேண்டாம், பங்குனி சித்திரையில் ஒன்பது மணிக்கு மேல் அந்த மணலில் பிள்ளைகள் நடக்க முடியாது. எனவே விடிந்ததும் திறந்து ஒன்பதுக்கு மூடி, மறுபடி நான்கு மணிக்குத் திறந்தால் சரியாக இருக்கும்.

குடும்பத்தோடு போகிற பாதை என்றால் அதைத் தீர்மானிப்பது மானும் பறவையும் இல்லை, கழிப்பறை. இதை எத்தனை திட்ட அறிக்கைகளில் எழுதுகிறார்கள் என்று தெரியாது, ஆனால் வீட்டில் 'போகலாமா' என்று பேச்சு எடுத்ததும் அம்மாக்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான். நுழைவிடத்தில் தண்ணீர் வரும், தாழ்ப்பாள் போடக்கூடிய, யாராவது தினமும் கழுவும் கழிப்பறை வேண்டும். கட்டிவிட்டுப் பூட்டு போட்ட கழிப்பறைகள் நம்மிடம் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. அதற்கடுத்தது குடிதண்ணீர், பாட்டிலில் பிடித்துக்கொள்கிற மாதிரி. விற்கிற மாதிரி வைத்தால் அந்த பாட்டில் காட்டுக்குள்தான் கிடக்கும். அப்புறம் உட்கார இடம்: அரைக் கிலோமீட்டருக்கு ஒன்று, கஜா புயலில் விழுந்த மரத்துண்டு மாதிரி ஏதாவது இருந்தாலும் போதும், பாட்டி மூச்சு வாங்கிக்கொள்வார். தூரத்தை எழுதுங்கள், 'இன்னும் 400 மீட்டர்' என்ற பலகை அழுகிற பிள்ளையிடம் செய்கிற வேலையை எந்த மிட்டாயும் செய்யாது. சாப்பாட்டுப் பொட்டலத்தை உள்ளே விடாதீர்கள், குரங்குகள் பிடுங்கும், பிறகு பழகிவிடும், பிறகு கடிக்கும்.

கட்டணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று வைக்காதீர்கள். மலையில் அப்படி வைத்தீர்கள், அங்கே நண்பர்கள் கூட்டமாக வருகிறார்கள், ஆளாளுக்குப் போட்டுக்கொள்வார்கள். இங்கே ஒரு தகப்பன் ஐந்து பேருக்குக் கொடுக்க வேண்டும். குடும்பத்துக்கு ஒரு சீட்டு, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம் என்று வைத்துப் பாருங்கள்.

ஊர்க்காரர்களைக் கேட்காமல் கோடு போட வேண்டாம். பூநாரை வரும் அதே மாதங்களில்தான் வெளியூர் மீனவர்களும் கோடியக்கரைக்கு வந்து குடில் போட்டுத் தொழில் செய்கிறார்கள். வலை காயும் இடத்திலும் மீன் ஏலம் விடும் இடத்திலும் சுற்றுலாக் கூட்டம் புகுந்தால் முதல் வாரமே சண்டை வரும், நியாயமான சண்டை. கரையில் பாதை எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதை அவர்கள் சொல்லட்டும். வழிகாட்டி வேலை கோடியக்காடு, கோடியக்கரைப் பிள்ளைகளுக்கே போகட்டும். ராமநாதபுரம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுப் படகுச் சவாரியை ஊர் மக்களை வைத்துத்தானே நடத்துகிறீர்கள், அந்த அனுபவம் உங்களிடமே இருக்கிறது.

உங்கள் அலுவலகத்தில் யாராவது 'சரணாலயத்தில் விலங்குக்குத்தான் முதல் உரிமை' என்பார்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். இன்ஜின் சத்தத்தோடு போகிற வண்டியைவிட, வரிசையாகக் கிசுகிசுத்துக்கொண்டு போகும் பத்துப் பேரால் தொல்லை குறைவாகத்தான் இருக்கும். உங்கள் உயிரியலாளர்கள் புல்வெளிப் பாதை கூடாது என்றால் அதை விட்டுவிடுங்கள், காட்டு வட்டப்பாதையை மட்டும் திறங்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்று உச்சவரம்பு வையுங்கள், புயல் எச்சரிக்கை வந்தால் மூடுங்கள், ஆனால் மூடியதை முதல் நாளே போனில் தெரிகிற மாதிரிச் சொல்லுங்கள், கும்பகோணத்திலிருந்து நான்கு மணிக்கு எழுந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

மாவட்ட நிர்வாகத்துக்குத் தனியாக ஒன்று. 2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை ரயில் மறுபடி வந்துவிட்டது. உப்புச் சத்தியாகிரகத்துக்காக 1930இல் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து நடந்தே வந்து சேர்ந்த இடம் அது. அவ்வளவு தூரம் எங்களால் ஆகாது. அங்கிருந்து கோடியக்கரைக்குக் காலை முதல் வண்டியாக ஒரு டவுன் பஸ், பாதை திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேருகிற மாதிரி, அப்புறம் ஒன்பதரைக்குத் திரும்ப ஒன்று விட்டால் கார் இல்லாத குடும்பமும் வரும்.

மொத்தமாக எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் செய்யச் சொல்லவில்லை. வரும் தை மாதத்துக்குள் அந்த ஒன்றரைக் கிலோமீட்டர் வட்டப்பாதை, ஒரு கழிப்பறை, ஒரு தண்ணீர்க் குழாய், பத்துப் பலகை. முடியுமா, முடியாதா? முடியாது என்றால் எது தடுக்கிறது என்பதையாவது பொதுவில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
டெல்டாவிலிருந்து இரண்டு பிள்ளைகளின் தகப்பன்