ஒரிஜினலைக் கொடுத்துவிடாதே

மக்களே,

வெள்ளிக்கிழமை பஸ் பார்சலில் ஒரு பெட்டி போட்டிருக்கிறேன். முந்திரிக்கொத்தும் நேந்திரங்காய் சிப்ஸும் இருக்கிறது, ரூமில் இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு. அடியில் ஒரு துணிப்பையில் இரண்டு யூனிஃபார்ம் பேண்ட், நீ போன தடவை விட்டுப்போன பேண்ட்டை அளவு கொடுத்துத் தைத்தது. ஒன்று உன் அளவு, இன்னொன்று கொஞ்சம் லூஸாக. லாக்கரில் வைத்துக்கொள். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

மூன்று வாரமாக "சாப்பிட்டேன்மா", "டியூட்டிமா" என்பதற்கு மேல் நீ பேசவில்லை. டியூட்டி எனக்குத் தெரியாததா, 37 வருஷம் நர்ஸாகப் பார்த்தவள். சரி, அதை விடு. தம்பி அந்தப் புது ஆஸ்பத்திரி உனக்கு அனுப்பிய வேலை ஆர்டரைக் காட்டினான். அவனைத் திட்டாதே, நான்தான் போனைப் பிடுங்கிப் பார்த்தேன்.

சம்பளம் 6,000 கூடுதல். நல்லதுதான். ஐசியுவில் ஏழு வருஷம், வென்டிலேட்டர் பேஷண்ட் இரண்டு பேரை ஒற்றையாகப் பார்க்கிறவள். உன்னைத் தேடிக் கூப்பிடுகிறார்கள் என்று சர்ச்சில் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்கே அரசு நர்ஸ் வேலைக்கான எம்ஆர்பி பரீட்சை எழுது என்றேன், 7,700 ரூபாய் தொகுப்பூதியத்துக்கா என்று கேட்டாய். அதுவும் நியாயம்தான், 2017இல் அப்படிச் சேர்ந்த பிள்ளைகள் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் தரையில் உட்கார்ந்து போராடியதை டிவியில் பார்த்தோமே. 2016இல் சுப்ரீம் கோர்ட் சொல்லி அமைத்த கமிட்டி, தனியார் ஆஸ்பத்திரியில் 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸுக்குச் சமமாகச் சம்பளம் கொடு என்றது. உனக்கு இப்போது வருவது என் பென்ஷனில் முக்கால்கூட இல்லை.

ஆனால் அந்த ஆர்டரை முழுசாகப் படித்தாயா? கொண்டை வலைக்குள் இருக்க வேண்டும், லைட் கலர் லிப்ஸ்டிக் கட்டாயம், பூ கூடாது, பொட்டு இந்த அளவு, நர்சிங் ஸ்டேஷனில் உட்காரக் கூடாது. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இரண்டு வருஷ பாண்டு, ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை ஒப்படைக்க வேண்டும் என்று இருக்கிறது. ஒரிஜினலைக் கொடுத்துவிடாதே. என்ன சொன்னாலும் கொடுக்காதே.

யூனிஃபார்மில் ஒழுங்கே வேண்டாம் என்று நான் சொல்வேனா? வளையல், நீள நகம், நெயில் பாலிஷ் கூடாது என்றால் அது நோயாளிக்காக. லண்டனில் ஸ்டெல்லா மதினி டியூட்டியில் வாட்ச்கூடக் கட்ட முடியாது. முழங்கைக்குக் கீழே ஒன்றும் இருக்கக் கூடாது என்று 2007இல் அங்கே அரசாங்கமே அறிவித்தது, மணிக்கட்டு வரை கழுவ வேண்டும் என்பதற்காக. கல் பதிக்காத கல்யாண மோதிரம் மட்டும் போடலாம். நாங்களும் வாட்சை நெஞ்சில் குத்திக்கொண்டுதான் நாடி பார்த்தோம். லிப்ஸ்டிக் எந்தக் கிருமியைத் தடுக்கும், சொல். கடையில் நிற்கிற பிள்ளைகளுக்கே உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று 2021இல் நம் ஊரில் சட்டம் வந்துவிட்டது. என் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நீ.

சேருவதற்கு முன்னால் ஒரு தடவை நேரில் போ. உடை மாற்றுகிற ரூம் எங்கே என்று கேள். உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, அங்கே போகிற வராந்தாவில் ராத்திரி லைட் எரியுமா, பார். பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரி நர்ஸ் அருணா ஷான்பாக் கதையை டிரெயினிங்கில் சேர்ந்த வாரமே சீனியர்கள் எங்களுக்குச் சொன்னார்கள். 1973 நவம்பரில், டியூட்டி முடிந்து பேஸ்மெண்டில் உடை மாற்றப் போன இடத்தில்தான் அந்த வார்டு பாய் அவளை நாசமாக்கினான். 2015 வரை அதே ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். 42 வருஷம் அங்குள்ள நர்ஸ்கள் ஒரு படுக்கைப்புண் வரவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். 2024இல் கொல்கத்தாவில் கொல்லப்பட்ட அந்த டாக்டர் பிள்ளை ராத்திரி டியூட்டியில் செமினார் ஹாலில்தானே போய்ப் படுத்தது. பத்துப் பேர் வேலை பார்த்தாலே புகார்க் கமிட்டி இருக்க வேண்டும் என்பது 2013 சட்டம், சுவரில் பெயர் ஒட்டியிருக்கிறார்களா என்று பார். கேன்டீனில் அங்குள்ள பிள்ளைகளிடம் பேச்சுக்கொடு. நர்ஸுகளுக்கெல்லாம் தலைமையான மேட்ரன் வந்ததும் அவர்கள் வாயடைத்துப் போகிறார்களா, கவனி.

மேட்ரன் என்று எழுதியதும் கை ஓடவில்லை. டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

"யூனிஃபார்ம் விஷயத்தில் அக்காவை எல்லார் முன்னாலும்" என்று தம்பி வாய் தவறி ஆரம்பித்தான், உடனே பேச்சை மாற்றிவிட்டான். நான் தோண்டவில்லை. நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

2005, நீ நாலாம் வகுப்பு. நான் பிரசவ வார்டில் இன்சார்ஜ். சூப்பிரண்ட் ரவுண்ட்ஸ் வருகிற நேரம். மூன்றாம் வருஷ டிரெயினிங் பிள்ளை ஒருத்தியின் வெள்ளைச் சேலையில் பின்பக்கம் கறை. ராத்திரி மூன்று பிரசவத்துக்கு நின்றவள், அவளுக்கே தெரியவில்லை. பக்கத்தில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். பேஷண்டும் கூட வந்தவர்களும் கேட்க, "இந்தக் கோலத்திலா வார்டில் நிற்கிறாய், வெட்கமாக இல்லை?" என்று சத்தம் போட்டு லினன் ரூமுக்குள் நிற்க வைத்தேன். ரவுண்ட்ஸ் முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது. சலவைத் துணியில் பட்டுவிடும் என்று அந்தப் பிள்ளை எதிலும் சாயாமல் நின்றிருக்கிறது. என் லாக்கரில் கஞ்சி போட்டு மடித்த சேலை ஒன்று இருந்தது. அது நினைவுக்கு வந்தது, வந்தும் எடுத்துக் கொடுக்கவில்லை. எனக்கும் இப்படித்தானே செய்தார்கள், நான் பொறுத்துக்கொள்ளவில்லையா என்று இருந்தேன்.

அன்றைக்கு ராத்திரி சோறு போடும்போது அப்பாவிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். நீ தட்டிலிருந்து நிமிர்ந்து, "அந்த அக்கா எப்படிம்மா வீட்டுக்குப் போனாங்க?" என்று கேட்டாய். பேசாமல் சாப்பிடு என்று அதட்டினேன். மூன்று வருஷம் கழித்து நீ வயதுக்கு வந்த அன்றைக்குப் பெரியம்மாவிடம் போய்ச் சொன்னாய். பிள்ளைக்கு வெட்கம் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன்.

எப்படிப் போனாள் என்று இப்போது சொல்கிறேன். வார்டு கூட்டுகிற அம்மா ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஒரு பச்சைத் துணி வாங்கி வந்து, அவள் இடுப்பில் சுற்றி, பின்கேட் வழியாக ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டாள். மறுநாள் அந்தத் துணியைத் துவைத்து மடித்து என் மேஜையில் வைத்து "தேங்க்ஸ் சிஸ்டர்" என்றது அந்தப் பிள்ளை. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதன் பெயரைக்கூட இன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை.

உன்னை யார் என்ன சொல்லியிருந்தாலும் சரி, நான் மேட்ரன் பக்கம் பேசமாட்டேன் மக்களே. அந்த லூஸ் பேண்ட் வார்டில் யாருக்காவது அவசரத்துக்கு இருக்கட்டும்.

புது இடத்துக்குப் போவதும் இருக்கிற இடத்திலேயே இருப்பதும் உன் இஷ்டம். இரண்டும் வேண்டாம் என்றால் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறு. படிப்புக் கடனில் மிச்சத்தைப் பென்ஷனில் கட்டிக்கொள்ளலாம், அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஒரிஜினல் எல்லாம் என் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் இருக்கிறது, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் வரை. நேற்று எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. நீயே கேட்டாலும் ஜெராக்ஸ்தான் அனுப்புவேன்.

அம்மா