மேல்பக்கத்த மட்டும் பார்த்துப் போர்வை தைக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

மாரி மழ தொடங்கப் போகுது, எனக்குத் தெரிஞ்ச பொம்புளையள் கனபேர் பழைய சட்ட, சீலைத் துண்டெல்லாம் எடுத்து ஒட்டுப்போட்டுப் போர்வை தைக்க வெளிக்கிட்டிருக்காங்க, இளம் புள்ளையள் அத குயில்ட் எண்டு சொல்லுதுகள், நல்ல விசயம். ஆனா எல்லாரும் மேல்பக்கத்துல எந்தத் துண்டுக்குப் பக்கத்துல எந்தத் துண்டு வரணும் எண்டு கிழமைக்கணக்கா யோசிக்கிறாங்க, பின்பக்கத்துக்கு வைக்கிற அடித்துணி எண்டு வரக்க மட்டும் கடைசி நாள் ரவுணுக்குப் போய் கையில அம்பிட்டத வாங்கிற்று வாறாங்க. ராவு முழுக்க மேலில படுறது அந்த அடித்துணிதானே! நானும் அப்பிடித்தான் செய்தன், அதாலதான் இத எழுதுறன்.

மகளுக்குப் பேராதனை கம்பஸ் கிடைச்சுது, அங்க ராவையில குளிரும் எண்டு அவள்ட சின்ன வயசுச் சட்டையெல்லாம் வெட்டி ஒரு போர்வை தைச்சன், மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவுக்கு கொட்டன் பிளனல் எண்ட மெத்தெண்ட துணி வச்சன், அடிக்கு ஒரு கடையில சுத்தக் கொட்டன் எண்டு சொல்லித் தந்த துணிய நம்பி வாங்கினன், தொட்டா வழுவழுப்பு, பார்க்க வடிவு, விலையும் குறைவு. ரெண்டு மாசமா கையால தைச்சது. முதல் தரம் கழுவினதோட நடுவில இருந்த பிளனல் சுருங்கிற்று, அடித்துணி சுருங்கல்ல, பின்பக்கம் முழுக்க பை பையா ஊதி நிண்டுது. அதோட மகள் சொன்னாள், அம்மா இது ராவையில கட்டிலால வழுக்கி விழுது, போத்தினா வேர்க்குது எண்டு. அது கொட்டனே இல்ல, பொலியெஸ்டர் கலந்தது. பிளனல முதலே தண்ணியில போட்டு எடுக்காதது என்ட பிழைதான், ஆனா துணிய இன்னதெண்டு சொல்லி விக்கிறது கடைக்காரர்ட கடமை இல்லையா?

வாங்க முதல் ஓரத்துல ரெண்டு நூல் கேட்டு உருவி எடுங்க, வெளிய வந்து நெருப்புல பிடிச்சுப் பாருங்க. கொட்டன் எண்டா கடதாசி எரிஞ்ச மணம் வரும், சாம்பல விரலால தொட்டா மாவாப் போயிரும். பொலியெஸ்டர் எண்டா உருகிச் சுருண்டு கறுப்பு மணி மாதிரி கட்டியா நிக்கும். கலப்புத் துணி எண்டா சாம்பலுக்குள்ள கட்டி தட்டுப்படும்.

மறுகா எல்லாத் தையலையும் பிரிச்சு எடுத்துற்று, கல்முன பஸ்ஸில ஏறி மருதமுனையில போய் இறங்கினன். களுவாஞ்சிகுடி, பெரியநீலாவணை தாண்டினா மருதமுன, கைத்தறிக்குப் பேர்போன ஊர் எண்டு எங்கட மாவட்டத்துல தெரியாத ஆள் இல்ல, ஆனா சாறனும் சீலையும் வாங்கப் போற நாங்க போர்வைக்கு எண்டு ஒருநாளும் அங்க போறதில்ல. ஒரு சின்னக் கட்டம் போட்ட கொட்டன் சீலை, பெரிய கரை இல்லாதது, எடுத்தன். அங்க இருந்த ராத்தா தானாவே சொன்னா, தங்கச்சி இத ஒரு ராவு தண்ணியில ஊறப்போடுங்க, பாவுக்கு, நீளவாக்குல ஓடுற நூலுக்கு, கஞ்சி போட்டுத்தான் நெய்யிற, கஞ்சி போனாத்தான் துணி மெதுவாகும் எண்டு. போர்வைக்கு எண்டு கேட்டதும் துணிய வெளிச்சத்துல பிடிச்சும் காட்டினா. நூல் இடைவெளி பெரிசா தெரிஞ்சா, நடுவுல பிளனலுக்குப் பதிலா பஞ்சு வைக்கிற ஆக்களுக்கு அது மெல்ல மெல்ல வெளிய வரும், அப்பிடித் துணி வேண்டாம். ஆனா அதுக்காக கடையில விக்கிற இறுக்க நெய்த பெட்சீற்றும் கையால தைக்கிற ஆக்களுக்குச் சரிவராது, ஊசி இறங்காம விரல்தான் புண்ணாகும்.

கணக்கையும் சொல்லிர்றன். ஐந்தரை மீற்றர் சீலை கிட்டத்தட்ட 216 அங்குலம், அகலம் ஒரு 45 அங்குலம். மகள்ட போர்வை 60க்கு 84, அடித்துணி நாலு பக்கமும் 4 அங்குலம் கூட இருக்கணும், ஏனெண்டா தைக்கத் தைக்க மேல்துணியும் நடுவுல வைக்கிறதும் கொஞ்சம் நகரும், அப்ப 68க்கு 92. சீலைய ரெண்டா வெட்டினா ஒவ்வொண்டும் 108 அங்குலம், ஒரு பாதிய முழுசா நடுவுல வச்சுற்று மற்றப் பாதிய நீளவாக்குல கிழிச்சு ரெண்டு பக்கமும் பொருத்தினன். ரெண்டு பாதியையும் நடுவுல சேர்த்துத் தைச்சா வேல லேசுதான், ஆனா போர்வைய மடிக்கிற இடத்துலயே அந்தத் தையல் வரும், அங்கதான் முதல்ல தேயும். பொருத்த முதல் துணிட ரெண்டு ஓரத்து விளிம்பையும் வெட்டி எறியணும், விளிம்பு இறுக்கமா நெய்தது, கழுவினா அது ஒரு பக்கமா இழுத்துச் சுருக்கம் விழுத்தும். மிச்சத் துண்டுல தலகாணி உறையும் வந்துது.

சின்னக் கட்டம் எடுத்ததுக்கும் காரணம் இருக்கு, ஒரே நிறத்துணியில பின்பக்கம் ஒவ்வொரு தையலும் தெரியும், கோணினதும் தெரியும். கடும் சிவப்பு, கருநீலம் எடுக்கிறதெண்டா நனைச்ச வெள்ளைத்துணியால தேய்ச்சுப் பார்த்து எடுங்க, சாயம் போற துணி மேல்பக்கத்தையும் நாசமாக்கும். வீட்டுல கிடக்கிற பழைய கொட்டன் சீலையும் அருமையான அடித்துணிதான், வங்காளத்துல பழைய சீலைகள ஒண்டுக்கு மேல ஒண்டு வச்சு நூலோட்டி காந்தா எண்டு போர்வை செய்யிறது பரம்பரையா வாற வேல. தேய்ஞ்ச இடம் மட்டும் பார்த்து விலத்தணும்.

இப்ப நான் கேக்கிறது ரெண்டு விசயம். கடைக்காரர் துணியில எத்தின பங்கு கொட்டன் எண்டு எழுதி ஒட்டட்டும், தெரியாட்டி தெரியாது எண்டாவது சொல்லட்டும். மற்றது, மருதமுனையில நெய்யிற ஆக்கள் கரையும் முந்தானையும் இல்லாத சாதாத் துணிய மீற்றர் கணக்குல வெட்டித் தந்தா எங்கள மாதிரி வீட்டுல தைக்கிறவங்க கட்டாயம் வாங்குவம், சீலைக்கு விழுற அளவு உழைப்பும் அதுக்கு விழாது, அவங்களுக்கும் ஒரு வியாபாரம். இப்பவே யாரும் அப்பிடி விக்கிறாங்க எண்டா தெரிஞ்ச வாசகர்கள் உங்கட பக்கத்துக்கு எழுதச் சொல்லுங்க.

இந்தக் கடிதத்த ஐப்பசி பிறக்க முதல் போட்டீங்கண்டா பெரிய உதவி, நனைச்ச துணி காயிறதுக்கு வெயில் வேணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கல்லடி, மட்டக்களப்பு.